தோட்டா சிக்கினால் குற்றம் யாருடையது?



லோயர்கேம்ப், கூடலூர் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வரை மலையடிவாரத்தில் வெள்ளாமை வைத்தவனுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. வாழையும் கடலையும் மக்காச்சோளமும் காட்டுப்பன்னிக்குப் பந்தி. முறையாக லைசென்ஸ் வாங்கி 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் அவசரத்துக்கு எடுத்தால் ஒரு வெடி வெடிக்கும், அடுத்த தோட்டா போட முடியாது. காலித் தோட்டா குழலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். "துப்பாக்கி பழசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு விடுகிறோம். அது மட்டும்தானா காரணம்?

பம்ப் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்த ரகமானாலும் சரி, வேறானாலும் சரி, வேலை ஒன்றுதான். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் ஒரு சின்னக் கொக்கி தோட்டாவின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுக்கும். கடைசியில் ஒரு முனை அதைத் தட்டிப் பக்கவாட்டில் வெளியே எறியும். ஆக, கோளாறு ரெண்டே வகை. குழலை விட்டே வரவில்லை என்றால் கொக்கியையும் குழலையும் பாருங்கள். குழலை விட்டு வந்து உள்ளேயே கிடக்கிறது என்றால் தட்டுகிற முனையைப் பாருங்கள்.

முதலில் நம்ம கையைப் பார்ப்போம். முன்பிடியைப் பயந்து பயந்து பாதிதூரம் இழுத்தால் காலித் தோட்டா விழாது. கடைசிவரை ஒரே வீச்சில் இழுக்கணும். அடுத்து தோட்டா. சாரல் காலத்து ஈரத்தில் கிடந்து ஊறியது, அடிப்பித்தளை பச்சை பூத்தது, இதெல்லாம் உப்பிப்போய் இறுகும். ஒரு பெட்டித் தோட்டா மட்டும் சிக்கினால் குற்றம் தோட்டாவில். எந்தத் தோட்டா போட்டாலும் சிக்கினால் குற்றம் துப்பாக்கியில். பழைய ஒத்தக்குழலில் 65 மில்லிமீட்டர் அளவு குறித்திருந்தால் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடாதீர்கள். உள்ளே நுழையும், ஆனால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறிவிடும். குழலுக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிக்குகிறதா? அப்போது தோட்டா உட்காருகிற இடத்தில் துரு அரித்திருக்கும். வெடித்தவுடன் தோட்டாக்கூடு விரிந்து அந்தக் குழிகளில் பிடித்துக்கொள்ளும். கொக்கி என்ன செய்யும்? விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், அவ்வளவுதான். கொக்கிக்கு அடியில் கரியும் பழைய எண்ணெயும் கட்டியிருந்தாலும் இதே கதிதான்.

இந்தத் துரு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் கேள்வி. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படை என்கிறார்கள். 2019, 2021, 2024 என்று தேர்தல் வந்துகொண்டே இருக்கிறது. வாரக்கணக்கில் துடைக்காமல், எண்ணெய் போடாமல், ஈரச் சுவரில் சாத்தி வைத்தால் எந்த இரும்பு தாங்கும்? நம் வீட்டு மண்வெட்டியே தாங்காதே!

தேர்தல் ஆணையத்தின் விதி என்ன சொல்கிறது? மாவட்டக் குழு ஒவ்வொரு லைசென்ஸையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும். ஒப்படைத்தால் ரசீது தர வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். முடிவு அறிவித்து ஒரு வாரம் கழிந்ததும் திருப்பித் தர வேண்டும். பத்திரம் என்றால் பூட்டு மட்டுமா? துருப்பிடிக்காமல் வைப்பதும் பத்திரம்தானய்யா!

ரிப்பேரிலும் நம்மைத்தான் மாட்டிவிடுகிறார்கள். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். லேத் பட்டறையில் கொடுத்தால் பட்டறைக்காரரும் மாட்டுவார். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம் என்கிறது. தரலாம் என்று சட்டம் சொன்னால், வேலை செய்கிற நிலையில் அது இருக்கவும் வழி செய்ய வேண்டாமா?

ஒன்றை மறக்க வேண்டாம். லைசென்ஸ் இருப்பதால் பன்னியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறையின் வேலை. பக்கத்துக் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உத்தரவிட வழி செய்தார்கள். அதைப்போல இங்கேயும் கேட்போம். உத்தரவில்லாமல் சுட்டு ஜெயிலுக்குப் போக வேண்டாம்.

சிக்கிய தோட்டாவை எடுக்கும்போது உயிரோடு விளையாடாதீர்கள். வெடிக்காத தோட்டா என்றால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்து அரை நிமிஷமாவது பொறுங்கள், தாமதித்தும் வெடிக்கும். குழல் வாயில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். கட்டையைத் தரையில் இடிக்காதீர்கள். வரவில்லை என்றால் லைசென்ஸ் பெற்ற பழுதுபார்ப்பவர்தான்.

நமது கோரிக்கைகள்:

1. ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் நிலையை ரசீதில் எழுதித் தர வேண்டும்.

2. ஈரமில்லாத அறையில், எண்ணெய் தடவி, பெயர்ச்சீட்டு கட்டி வைக்க வேண்டும்.

3. விதிப்படி உரிய காலத்தில் திருப்பித் தர வேண்டும். துருப்பிடித்தால் பழுதுச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

4. தேனி மாவட்டத்தில் வருடம் ஒருமுறை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கொண்டு முகாம் நடத்த வேண்டும்.

இது சலுகை இல்லை. ஒப்படைத்த பொருளைக் கொடுத்தபடியே திருப்பிக் கேட்கிறோம். அடுத்த முறை ஒப்படைக்கப் போகும்போது எண்ணெய் போட்டுக் கொண்டுபோங்கள், நிலையை ரசீதில் எழுதி வாங்குங்கள், திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து பாருங்கள். ஒருத்தர் கேட்டால் "போய்யா" என்பார்கள். ஊரே சேர்ந்து கேட்டால் எழுதித்தான் ஆகணும்!