தலைவருக்குப் புகழ்மாலை, தச்சருக்கு?

மேனேஜர்களுக்குப் பாடம் நடத்தும் வகுப்புகளில் ஒரு பெயர் அடிக்கடி அடிபடுகிறது: ஷாக்கிள்டன். தென்துருவப் பனியில் கப்பலை இழந்தும் ஒருவரைக்கூடச் சாகவிடாத மகா தலைவராம்! தலைவர் ஒருவர் போதும், மற்றவர்கள் வாய்மூடி உழைத்தால் போதும் என்பதே முதலாளிகள் இதிலிருந்து எடுக்கும் நீதி.

நடந்தது என்ன? 1914-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் பனியில் சிக்கியது, நவம்பரில் மூழ்கியது. 28 பேர் பனிமேல் நின்றார்கள். கனத்த படகுகளைப் பனிமேல் இழுக்க உத்தரவு பிறந்தது. கப்பலோடு ஒப்பந்தமும் முடிந்தது, இனி உத்தரவு செல்லாது என்று மறுத்தார் தச்சர் ஹாரி மெக்னிஷ். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டி அவரை அடக்கினார் ஷாக்கிள்டன். சில நாளிலேயே அந்த இழுப்பு கைவிடப்பட்டது!

1916 ஏப்ரலில் உதவி தேடி ஒரு சிறு படகில் ஆறு பேர் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்தார்கள். அந்தப் படகின் விளிம்பை உயர்த்தி, மேல்தளம் போட்டு, பலகை இடுக்குகளை விளக்குத் திரியாலும் பெயிண்டாலும் கடல்விலங்கின் ரத்தத்தாலும் அடைத்தவர் யார்? அதே மெக்னிஷ்! இடுக்கு ஒன்று விட்டால் என்ன ஆகும் என்று கோட்டைப்பட்டினம் கரையில் கேட்டுப் பாருங்கள்.

அவருக்குக் கிடைத்த கூலி? துருவப் பதக்கம் நால்வருக்கு மறுக்கப்பட்டது: தச்சர் மெக்னிஷ், ஒரு மாலுமி, இரண்டு பாய்லர் தொழிலாளிகள். 1930-ல் நியூசிலாந்தில் வறுமையில் மாண்டார் மெக்னிஷ்.

ஒருவரும் சாகவில்லை என்பதும் அரை உண்மையே. கண்டத்தின் எதிர்க்கரையில், வராமலே போன தலைவருக்காக உணவு சேமித்து வைத்த அதே பயணத்தின் இன்னொரு குழுவில் மூவர் மாண்டார்கள்.

ஷாக்கிள்டன் கோழையென்று நாம் சொல்லவில்லை. நல்ல தோல் படுக்கைப் பைகளைச் சாதாரண மாலுமிகளுக்கு விட்டார். தீவில் தங்கிய 22 பேரை மீட்க மூன்று முறை தோற்றும் நான்காம் முறை போனார். இதைக் கற்றுக்கொள்ளட்டும் மேனேஜர்கள்! ஆனால் அவர்கள் கற்பது உத்தரவு போடுவதை மட்டும்தானே?

புதுக்கோட்டைச் சீமையில் நமக்கு இது புதிதல்ல. கண்மாய்க் கரை உடைந்தால் மண் சுமந்து அடைப்பவர் கூலிக்காரர். கல்வெட்டில் பெயர் வேறொருவருக்கு. ஆலையில் நின்றுபோன மெஷினை ஓட வைப்பவர் தொழிலாளி, பாராட்டு மேனேஜருக்கு.

தோழர்களே! உயிர் காத்தது உழைப்பாளியின் கை. அந்தக் கைக்கு உரிய கூலியும், "ஏன்?" என்று கேட்கும் உரிமையும் வேண்டும். தனித்து நின்ற மெக்னிஷை அடக்கினார்கள். சங்கமாய் நிற்கும் நம்மை அடக்க முடியாது!