அருகு இருக்க அயற்புல் ஏன்?

சென்ற மார்கழியில் கொடும்பாளூர் மூவர் கோயிலைக் கண்டு முடித்து, எஞ்சி நிற்கும் இரண்டு விமானங்களின் நிழலில் நாங்கள் அமர்ந்திருந்தபோது, பேச்சு பூதி விக்கிரமகேசரியிடமிருந்து எப்படியோ புல்லுக்குத் தாவியது. காரணம், அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர். தம் வீட்டு முன்றிலில் ஃபெஸ்கியூ என்னும் இழைப்புல்லை விதைத்திருக்கிறாராம். அது அலையலையாகச் சாய்ந்து கிடக்குமாம். ஆண்டுக்கு ஓரிரு முறை வெட்டினால் போதுமாம். புதுக்கோட்டையில் அண்மையில் வீடு கட்டி முடித்த மற்றொரு நண்பர், "அதன் விதை இங்கே கிடைக்குமா?" என்று ஆவலுடன் கேட்டார்.

கிடைத்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஃபெஸ்கியூ குளிர்நாட்டுப் புல். பனிக்கடியில் உயிர் காக்கத் தெரிந்த அதற்கு நம் சித்திரை வெயிலில் உயிர் காக்கத் தெரியாது.

இதைச் சொல்ல எங்களுக்குத் தகுதி உண்டு; பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். எங்களுள் ஒருவர் இல்லத்தில், நாற்றுப்பண்ணையொன்றின் பேச்சை நம்பிக் கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கிப் பதித்தோம். முதல் ஆறு மாதம் கண்கொள்ளாக் காட்சி. கோடையில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டது. நான்கே வாரங்களில் திட்டுத் திட்டாகக் கருகிப்போயிற்று.

கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிப் புல்வெளிக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் பாய்ச்சினால் ஏறத்தாழ 465 லிட்டர். அதாவது முப்பது குடம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாமல், கண்மாய்களையும் மழையையும் நம்பி வாழ்ந்த மாவட்டத்தில், பார்த்து மகிழ்வதற்காக நாள்தோறும் முப்பது குடம்! அமெரிக்காவின் நெவாடா மாநிலமே, பொது இடங்களிலும் வணிக வளாகங்களிலும் எவர் காலும் படாத அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்றுநீரைப் பாய்ச்சுவதை 2027 முதல் தடைசெய்யும் சட்டத்தை 2021இல் இயற்றிவிட்டது.

அப்படியானால் எதை வளர்ப்பது? கண்மாய்க் கரையைப் பாருங்கள். யார் விதைத்தார்கள், யார் நீர் பாய்ச்சினார்கள்? அங்கே அருகு படர்ந்து மண்ணைப் பிடித்து நிற்கிறது. வெட்டும் பொறுப்பை ஆடுமாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. மணமக்களை 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோம், பிள்ளையாருக்கு மாலையாக்குகிறோம், வீட்டு வாசலில் முளைத்தால் மட்டும் களையென்று பிடுங்கி எறிகிறோம். வேடிக்கை என்னவெனில், வெளிநாட்டார் பெர்முடா என்றழைப்பது இதே அருகைத்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இதனை ஆப்பிரிக்க இனமொன்றுடன் கலந்து உருவாக்கி 1960இல் வெளியிட்ட 'டிஃப்வே' என்னும் வகை, உலகின் விளையாட்டுத் திடல்கள் பலவற்றில் விரிந்து கிடக்கிறது. நாமோ பெர்முடா என்ற பெயரைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

அருகிலும் குறை இல்லாமல் இல்லை. மரநிழலில் அது வாழாது. வேம்பின் அடியில் சருகையே விட்டுவிடுவது நல்லது. பூம்பாத்திக்குள் புகுந்தால் வெளியேற்றுவது கடினம்; இடையே செங்கல் பதிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் பழுப்பேறி உறங்கும். அதைச் சாவென்று எண்ணிப் பதறிக் குழாயைத் திறப்பதுதான் நாம் செய்யும் பிழை. வேரில் உயிர் இருக்கும்; இரண்டு நல்ல மழை பெய்தால் பச்சை திரும்பிவிடும். நீரையும் உரத்தையும் கொட்டாதவரை, மனிதர் நடமாடும் முற்றத்தில் அது பெரிதாக உயர்வதுமில்லை.

நண்பர் அரை மனத்துடன்தான் இசைந்தார். ஐப்பசி மழை தொடங்கியதும் வயல் வரப்பில் கணுவுள்ள தண்டுகளாகப் பார்த்து அரிந்து வந்து, அரை அடிக்கு ஒன்றாக ஊன்றித் தருவதாக வாக்களித்திருக்கிறோம். வரப்புக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போங்கள் என்கிறார்.