லேபை பையில் போட்டுக் கொண்டு போகலாமா?

வீட்டுக்கு பிராட்பேண்ட் கொண்டு வரும் ஃபைபர் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய கண்ணாடி இழை, அதற்குள் ஒளி. இதே போன்ற இழையால் நோயையும் அளக்கலாம். சென்னை ஐஐடி, வேலூர் விஐடி ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் முன்வைத்த பி-ஃபேப் கருவி, யூ வடிவில் வளைத்த ஃபைபரால் கொரோனா வைரஸின் புரதத்தைத் தேடுவது. அது ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். ஒளிர்வைப் பார்த்து என்சைம்களை அளக்கும் ஃபைபர் கருவிகள் அதற்குப் பங்காளி முறை.

எங்கள் பக்கத்துக்கு இது அவசியம் வேண்டும் என்பேன். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயரே 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். கெட்டால் ஏஎல்டி என்ற என்சைம் ரத்தத்தில் ஏறும். கூடுவாஞ்சேரியில் கூலி வேலை செய்பவர் இந்த டெஸ்டுக்காக அரை நாள் சம்பளத்தை விடாமல், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க முடிந்தால் எவ்வளவு நல்லது!

வேலை செய்யும் விதம் எளிது. என்ஏடிஹெச் என்ற பொருள் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அதையும் துணை ரசாயனங்களையும் சீரத்தோடு கலந்தால், ஏஎல்டி வேலை செய்யச் செய்ய நீலம் மங்கும். ஃபைபர் ஒளியைக் கொண்டு போய், ஒளிர்வைத் திருப்பிக் கொண்டு வரும். எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதுதான் விடை. எக்ஸெல்லில் லைன் சார்ட் போட்டவர்களுக்குப் புரியும்: கோட்டின் சரிவைத்தான் பார்க்கிறோம்.

சிக்கல் இங்கேதான். என்சைமின் வேகம் சூட்டைப் பொறுத்தது. 10 டிகிரி மாறினால் ஏறத்தாழ இரண்டு மடங்குகூட மாறலாம். லேபில் பொதுவாக 37 டிகிரியில் வைத்து அளக்கிறார்கள். ஏசி ரூமில் ஒரு விடை, குரோம்பேட்டை மே மாத வெயிலில் வேறு விடை என்றால் கெடும் கல்லீரல் 'நார்மல்' ஆகிவிடும். விலையைக் குறைக்க ஹீட்டரைக் கழற்றிவிட்டு, ஃபார்முலாவால் சரி செய்கிறோம் என்று சொன்னால் நம்பாதீர்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன். திரையில் 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. எண், அளந்தபோது இருந்த சூடு, அந்த கிராஃப் மூன்றும் தெரிய வேண்டும். பென் டிரைவில் காப்பி செய்து டாக்டரிடம் காட்டவும் முடிய வேண்டும்.

அப்படி ஒரு பெட்டி வரும் வரை, காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.