போர் முடியட்டும் என்னும் சாக்கு

தில்லி தீன்மூர்த்தி சதுக்கத்தில் நிற்கும் மூன்று போர்வீரர் சிலைகளுள் ஒன்று மைசூரு சமஸ்தானத்தைக் குறிப்பது. 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய குதிரைப் படையில் மைசூரு வீரர்களும் இருந்தனர். அதே ஆண்டில், போர் ஓய்வதற்கு முன்னரே, மைசூருவில் வேறொரு பணியும் தொடங்கியது. அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் கிடைக்க வழிகாணுமாறு நீதிபதி மில்லர் தலைமையில் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் குழு அமைத்தார். இதில் கருத்து வேறுபட்ட திவான் விசுவேசுவரய்யா பதவியைத் துறந்தார், மன்னர் பின்வாங்கவில்லை. 1921-இல், சென்னையில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை பிறப்பித்த அதே ஆண்டில், குழுவின் பரிந்துரைகளை மைசூரு அரசு ஏற்றது.

முதலில் வெற்றி, சீர்திருத்தம் பிறகு என்போர் எல்லா நாடுகளிலும் உண்டு. அவர்களுக்கு மைசூரு தக்க மறுமொழி. ஆனால் அது பாதி மறுமொழிதான்.

1881-இல் திவான் ரங்காசார்லு காலத்தில் 144 உறுப்பினர்களுடன் தொடங்கி, தசராவையொட்டி மைசூருவில் கூடிவந்த பிரஜா பிரதிநிதி சபை, சமஸ்தானங்களில் முன்னோடியானது. இரண்டாம் உலகப் போர் மூண்ட பின்னும் சீர்திருத்தம் நிற்கவில்லை. 1940-இல் புதிய சட்டம் வந்தது, சபை விரிந்தது. ஆயினும் திவான் சபைக்குப் பொறுப்பானவர் அல்லர். அரண்மனைக்கே பதில் சொன்னார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம். ஆட்சியை மாற்ற இயலாது. 1942-இல் சிவமொக்கா மாவட்டத்து ஈசூர் கிராமத்தார் தமக்குத் தாமே விடுதலை அறிவித்துக்கொண்டதும், அரசு அலுவலர் இருவர் கொல்லப்பட்டதும், 1943-இல் ஐவர் தூக்கிலேற்றப்பட்டதும் இந்தச் சீர்திருத்தம் நடைமுறையில் இருந்த நாள்களில்தான். நாடு விடுதலை பெற்ற பிறகும் ‘மைசூரு சலோ’ கிளர்ச்சி தேவைப்பட்டது. 1947 அக்டோபரில்தான் கே.சி. ரெட்டி தலைமையில் பொறுப்பாட்சி அமைந்தது.

மேலிருந்து அருளப்படும் சீர்திருத்தத்தின் எல்லை அது. சுதந்திர இந்தியாவும் இதில் தேர்ச்சி பெற்றதாகச் சொல்வதற்கில்லை. 1962 சீனப் போருக்காக அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை, போர் ஒரு மாதத்தில் ஓய்ந்த பின்னும் 1968 ஜனவரி வரை நீடித்தது. தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சியை வீழ்த்திய 1967 தேர்தல், அந்த நெருக்கடி நிலை விலக்கப்படாத காலத்தில் நடந்தது என்பதை இன்று நினைவு கூர்வோர் சிலரே. 1971 போருக்கான அறிவிப்போ 1977 வரை தொடர்ந்தது.

2022 முதல் ரஷியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிடும் உக்ரைனில் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அந்நாட்டின் அரசியல் சூழலில் அதைக் குறைகூற இயலாது. ஆனால் 2025 ஜூலையில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் தன்னுரிமையைப் பறிக்கும் சட்டம் நிறைவேறியபோது, குண்டுவீச்சுக்கு நடுவிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். பத்து நாள்களுக்குள் நாடாளுமன்றமே அதைத் திருத்தி, பறித்த உரிமையைத் திருப்பித் தந்தது. ஈசூர் மக்களுக்கு இத்தகைய வழி இருக்கவில்லை.

நமக்கு அந்த வழியை ஓரளவு திறந்தது 1978-இன் 44-ஆவது திருத்தம். நெருக்கடி நிலை தொடர வேண்டுமெனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அதுவும் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரவுடன். போர் முடியட்டும் என்று கூறி அரசு காலவரையின்றிக் காத்திருக்க இனி இடமில்லை.