காலி லோரியும் சின்ன விமானமும்

போன பள்ளி விடுமுறையில் தோட்டத்துக் கடையோரம் ஓர் அம்மாள் என்னை நிறுத்திவிட்டார். கேமரன் மலையில் கொழுந்தெடுத்தே பெண்ணைப் படிக்கவைத்தவர். என் பழைய மாணவியான அந்தப் பெண் இப்போது சரவாக்கில், பாரியோ மலைப்பகுதியில் ஆசிரியை.

"வாத்தியாரையா, பிள்ளை வந்த பிளேன்லே ஆறேழு பேர்தானாம். குலுங்கின குலுக்கலிலே அழுதிட்டாளாம். ஆள் குறைஞ்சா அலுங்காமல்தானே போகணும்? ஏதோ கோளாறு. வேலையை விட்டுட்டு வரச் சொல்லிடட்டுமா?"

நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவன். ஆனால் இதற்கு விடை நம் தோட்டத்துச் சாலையிலேயே இருக்கிறது. கொழுந்து மூட்டை நிறைந்த லோரி அசைந்து அசைந்து வரும். அதே லோரி காலியாகத் திரும்பும்போது பின்னால் நிற்பவர் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். குழி என்னவோ அதே குழிதான்!

மிரியிலிருந்து பாரியோ செல்லும் டுவின் ஓட்டர் விமானத்தில் 19 பேர்வரை அமரலாம். ஏறுமுன் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். அதன் இறக்கை சுமார் 39 சதுர மீட்டர். உச்ச எடை 5,670 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 145 கிலோ சுமக்கிறது. ஆளும் சாமானும் குறைந்து மொத்தம் 4,000 கிலோவானால், சுமை 103 கிலோதான். கீழிருந்து வரும் காற்று இறக்கையை உதைக்கும் பலம் மாறுவதில்லை. உதை வாங்கும் உடல் இலேசாகிவிட்டது. நிறைந்த விமானம் 10 பங்கு துள்ளினால் இது ஏறக்குறைய 14 பங்கு துள்ளும்.

பெரிய ஜெட் விமானமான போயிங் 737-800இல் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். இறக்கையும் பின்னோக்கிச் சாய்ந்தது. காற்றின் உதை அதில் அவ்வளவாக ஏறாது. அதையே பாரியோவுக்கு விடலாமே என்றால், அந்தக் குட்டை ஓடுபாதையில் அது இறங்க முடியாது. மெதுவாகப் பறந்து மெதுவாக இறங்க, எடைக்கு மிஞ்சிய அகல இறக்கை வேண்டும். பிள்ளையை அழவைத்த இறக்கைதான் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

காற்று முரடானால் விமானி வேகத்தைக் குறைப்பார், உதையும் குறையும். விமானம் இலேசானால் இன்னும் குறைக்க வேண்டும். செஸ்னா 172இன் ஒரு வகையில் முழு எடைக்கு 97 நாட் என்ற வரம்பு, 1,600 ராத்தலுக்கு 80 நாட்டாக இறங்கிவிடுகிறது.

அதற்காகக் குலுக்கலை அடக்க மூட்டையை அடுக்கலாமா? கூடவே கூடாது. 1976 ஜூன் 6ஆம் நாள் கோத்தா கினபாலுவில் நோமாட் விமானம் விழுந்து சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீவன்ஸ் உட்பட 11 பேர் மாண்டனர். 2023இல் வெளியான விசாரணை அறிக்கை, பின்பகுதியில் ஏற்றிய அதிகச் சுமையால் விமானம் நிலைதவறியதைக் காட்டியது. தராசில் ஆளையும் நிறுத்துவது சும்மா இல்லை.

அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காலையிலேயே கிளம்புற பிளேன்லே வரச் சொல்லட்டுமா? மத்தியானம்தானே மலையிலே காத்து ஏறுது" என்றார்.

நான் சொல்ல மறந்தது அதுதான். வெயில் ஏறினால் சரிவுகள் சூடாகிக் காற்று மேலே கிளம்பும். "சொல்லுங்களம்மா" என்றேன். வேலையை விடும் பேச்சை அவர் எடுக்கவில்லை.