சோடாபுட்டிகளுக்கும் விஆர் உண்டு

கண்ணாடி போட்ட ஆளிடம் விஆர் ஹெட்செட்டைக் கொடுக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான். "கண்ணாடியைக் கழட்டிட்டு மாட்டுங்க." காலேஜ் லேப், மாலில் இருக்கும் கேம் சென்டர், கண்காட்சி ஸ்டால், எங்கே போனாலும் இதே பல்லவி. கழட்டிவிட்டு மாட்டினால் எல்லாம் மங்கல். மங்கலாக இருக்கிறது என்று சொன்னால் "முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பிக்கும், வயிறு பிரட்டும். உடனே தீர்ப்பும் ரெடி: "உனக்கு விஆர் ஒத்துக்கல போல!"

இந்தத் தீர்ப்பு தப்பு என்பதுதான் என் கட்சி. பெரும்பாலான சமயம் அந்தக் கருவியை உங்கள் கண்ணுக்கு ஏற்ப யாருமே சரிசெய்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான். செருப்புக் கடையில் 6-ஆம் நம்பர் காலில் 9-ஆம் நம்பர் செருப்பை மாட்டிவிட்டு "உங்களுக்கு நடக்க வராது சார்" என்று சொன்னால் சும்மா இருப்போமா? கண்ணுக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

முதலில் அந்த "கழட்டுங்க" விவகாரம். சொல்பவர்களின் லாஜிக் இதுதான்: கிட்டப்பார்வை உள்ளவனுக்குப் பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், ஹெட்செட்டின் திரை கண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே கண்ணாடி வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு லென்ஸ் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த லென்ஸின் வேலையே பிம்பத்தைத் தள்ளி வைத்துக் காட்டுவதுதான். திரை சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தாலும், கண் குவிக்க வேண்டிய தூரம் பொதுவாகச் சுமார் 1.3 முதல் 2 மீட்டர் வரை இருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மைனஸ் 2 பவர் உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது 50 செ.மீ. வரைதான். மைனஸ் 4 என்றால் 25 செ.மீ. இவர்களுக்கு 1.3 மீட்டரில் இருக்கும் பிம்பம் மங்கலாகத்தான் தெரியும். மைனஸ் அரை, முக்கால் பவர்க்காரர்கள் வேண்டுமானால் கழட்டிவிட்டுச் சமாளிக்கலாம். சிலிண்டர் பவர் அதிகம் இருந்தால் எந்தத் தூரத்திலும் கண்ணாடி தேவை. வெள்ளெழுத்துக்காகப் படிக்க மட்டும் கண்ணாடி போடும் அப்பா அம்மாவுக்கு இதில் பெரும்பாலும் அது தேவைப்படாது. சுருக்கமாக: எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்க எந்தக் கண்ணாடி வேண்டுமோ, அதுதான் ஹெட்செட்டுக்குள்ளும் வேண்டும்.

இரண்டாவது விஷயம், கண்களுக்கு இடையே உள்ள தூரம். ஒரு கருமணியின் நடுவிலிருந்து இன்னொரு கருமணியின் நடு வரை அளப்பது. இதை ஐபிடி என்பார்கள், கண்ணாடிக் கடைக்காரர் பிடி என்பார். பெரியவர்களுக்குச் சராசரி சுமார் 63 மி.மீ. ஆனால் சராசரி என்பது யாரோ ஒருவருடைய முகம் இல்லையே! 55-ம் உண்டு, 70-ம் உண்டு. ஹெட்செட்டின் இரண்டு லென்ஸும் உங்கள் கருமணிக்கு நேராக இல்லாவிட்டால் படம் ஓரத்தில் கலங்கும், கண்கள் இரண்டு படத்தையும் ஒட்டவைக்க இழுபறி செய்யும். தலைவலி வர இது போதும்.

இதில் கம்பெனிகள் செய்திருக்கும் கூத்தைப் பாருங்கள். 2013-இல் வந்த ஓக்குலஸின் முதல் டெவலப்பர் கிட்டில், கிட்டப்பார்வைக்காரர்களையும் நினைத்து ஏ, பி, சி என்று மூன்று ஜோடி லென்ஸ் கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2019-இல் வந்த ரிஃப்ட் எஸ்ஸில் லென்ஸை நகர்த்தவே வழி இல்லை! ஓக்குலஸை ஆரம்பித்த பாமர் லக்கியே அந்த வருஷம், தன் கண் இடைவெளி 70 மி.மீ.க்குக் கொஞ்சம்தான் குறைவு, இந்தக் கருவி தனக்குச் சரிவராது என்று எழுதினார். பெற்றவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? அடுத்து 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்று மூன்றே படிகள். 2023-இன் குவெஸ்ட் 3-இல்தான் சக்கரத்தைத் திருப்பி நுணுக்கமாக வைக்கும் வசதி வந்தது. 2024-இல் விலை குறைவாக குவெஸ்ட் 3எஸ் வந்தபோது மறுபடி அதே மூன்று படி. ஆக, விலை குறைந்தால் முதலில் வெட்டப்படுவது நம் கண்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. விஆரில் பெண்களுக்குத்தான் அதிகம் தலைசுற்றுகிறது என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. கே ஸ்டேனி குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முக்கியக் காரணம் ஐபிடி பொருந்தாததுதான் என்று காட்டினார்கள். பெண்களின் சராசரி இடைவெளி ஆண்களைவிடச் சுமார் 2 மி.மீ. குறைவு. கருவியோ அவ்வளவு கீழே இறங்கவில்லை. குறை கருவியில், பழி ஆளின் மேல். சோடாபுட்டிகள் விஷயத்திலும் நடப்பது இதேதான்.

சரி, புலம்பியது போதும். அடுத்த தடவை கையில் ஹெட்செட் கிடைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். மொத்தமே இரண்டு நிமிஷ வேலை.

1. ஸ்பேஸரைப் பாருங்கள். குவெஸ்ட் 2 பெட்டியிலேயே கண்ணாடிக்காரர்களுக்கான ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. பல லேப்களில் அது பெட்டியோடு பீரோவுக்குள் தூங்கும். கேட்டு வாங்கி மாட்டுங்கள். குவெஸ்ட் 3-இல் முகம் படும் பகுதியையே நான்கு படிகளாக முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

2. உங்கள் பிரேமை அளந்து கொள்ளுங்கள். குவெஸ்ட் 2-க்கு மெட்டா சொன்ன அளவு, அகலம் 142 மி.மீ., உயரம் 50 மி.மீ.க்குள். இப்போது எல்லோரும் போடும் பெரிய வட்ட பிரேம் உள்ளே போகாது, போனாலும் மூக்கைப் பதம் பார்க்கும். பழைய சின்ன பிரேம் வீட்டில் இருந்தால், பவர் மாறாத பட்சத்தில், அதைக் கொண்டு போங்கள்.

3. பட்டைகளை முழுக்கத் தளர்த்திவிட்டு, முதலில் முன்பக்கத்தைக் கண்ணாடியின் மேல் நேராகப் பொருத்துங்கள், பிறகு பின்பட்டையை இழுங்கள். தொப்பி மாதிரி மேலிருந்து இறக்கினால் கண்ணாடி மாட்டிக்கொள்ளும். கழட்டும்போது தலைகீழ் வரிசை: முன்பக்கத்தை முகத்திலிருந்து நேராக முன்னால் இழுத்து, அப்புறம் மேலே தூக்குங்கள்.

4. எடையைத் தாங்க வேண்டியது உச்சிப்பட்டை. கன்னத்திலும் கண்ணாடியின் மூக்குப் பிடியிலும் எடை இறங்கினால் பத்து நிமிஷம் தாங்க மாட்டீர்கள்.

5. ஏதாவது ஒரு எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஹெட்செட்டை மெல்ல மேலே, கீழே நகர்த்துங்கள். ஒரு இடத்தில் எழுத்து பளிச்சென்று ஆகும். அங்கே நிறுத்திப் பட்டையை இறுக்குங்கள்.

6. கடைசியாக ஐபிடி. குவெஸ்ட் 2, 3எஸ்ஸில் உங்கள் அளவு 61-க்குக் கீழ் என்றால் முதல் படி, 61 முதல் 66 என்றால் நடு, அதற்கு மேல் என்றால் மூன்றாவது. அளவு தெரியாதா? அடுத்த தடவை கண்ணாடிக் கடைக்குப் போகும்போது கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி செய்யவே அவர்களுக்கு அந்த அளவு வேண்டும், காசு கேட்க மாட்டார்கள் :-)

இன்னொன்று. உங்கள் கண்ணாடி ஹெட்செட்டின் லென்ஸில் உரசினால் இரண்டில் ஒன்று கீறும். ஹெட்செட்டின் லென்ஸ் பிளாஸ்டிக், கீறினால் அந்தத் தழும்பு அடுத்து மாட்டும் எல்லோருக்கும் தெரியும். ஸ்பேஸர் போட்டால் பார்வைப் பரப்பு கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். குறையட்டுமே. ஜன்னல் கொஞ்சம் சின்னதானாலும் கண்ணாடி துடைத்த மாதிரித் தெரிந்தால் போதாதா?

இவ்வளவும் செய்தாலும் கண் சுத்தமாக அலுக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். பொருள் பக்கத்தில் வருவது போலத் தோன்றும்போது கண்கள் உள்பக்கம் திரும்பும், ஆனால் குவிக்கும் தூரம் மட்டும் மாறாமல் அங்கேயே நிற்கும். இந்த முரண் இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட்களில் கண்ணாடி போட்டவர், போடாதவர் எல்லோருக்கும் பொது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டிவிட்டு ஜன்னல் வழியே தூரத்தில் எதையாவது பாருங்கள். தலைவலி வந்த பிறகும் விடாமல் மாட்டிக்கொண்டிருப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

"பவர் லென்ஸ் வாங்கி உள்ளேயே மாட்டிக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். சொந்தமாக ஹெட்செட் வைத்திருப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் ஆப்பிள் விஷன் ப்ரோவைப் பாருங்கள். 2024-இல் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வந்தது. உள்ளே கண்ணாடி போட்டுக்கொள்ள இடமே இல்லை, பவர் லென்ஸுக்குத் தனியாக 149 டாலர். அத்தனை விலை கொடுத்தவனிடமும் கண் சரியில்லை என்று ஒரு அபராதம்! முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. எச்டிசியின் விவ் ஃப்ளோ (2021), எக்ஸ்ஆர் எலீட் (2023) இரண்டிலும் மைனஸ் 6 வரை பவரைத் திருகி வைக்கும் வசதியைக் கருவிக்குள்ளேயே வைத்தார்கள். சிலிண்டர் பவருக்கு அது உதவாது, ஆனாலும் பைனாகுலரில் காலங்காலமாக இருக்கும் சமாச்சாரம் இங்கேயும் வந்ததே. மற்றவர்களும் மனசு வைத்தால் நடக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது லேப்தான். நாற்பது பேர் மாற்றி மாற்றி மாட்டும் ஹெட்செட்டில் ஆளுக்கொரு பவர் லென்ஸ் நடக்காது. ஸ்பேஸரை நிரந்தரமாக மாட்டி வைக்கலாம். ஒவ்வொருத்தர் மாட்டும்போதும் இரண்டு நிமிஷம் ஒதுக்கலாம். வரிசை நீளமாக இருக்கிறது என்று அவசரப்படுத்தாமல் இருக்கலாம். அனாடமி, வெல்டிங் என்று பாடங்களே இதற்குள் வர ஆரம்பித்துவிட்டன. முதல் டெமோவில் "எனக்கு ஒத்துக்கல" என்று ஒதுங்குகிறவன் அடுத்து அதில் ப்ராஜெக்ட் எடுக்க மாட்டான். அவனை ஒதுக்கியது அவன் கண் இல்லை, பீரோவில் தூங்கும் ஒரு பிளாஸ்டிக் வளையமும் யாரும் நகர்த்தாத ஒரு லென்ஸும்தான்.

டெமோ கொடுக்கும் நண்பர்களே, இனிமேல் "கண்ணாடியைக் கழட்டுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்க பவர் எவ்வளவு?" என்று ஆரம்பியுங்கள்.