ஃபைபர் விரிசலுக்கு மேல்பூச்சு போதாது



பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. ஜீப்பின் ஃபைபர் கூரையில் ஒரு மூலை விரிந்துவிட்டதாம். டிங்கரிங் கடையில் "ஃபைபர் ஒட்டாது சார், புதுசு மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டிலேயே ஒட்டலாமா என்று கேட்டிருந்தார். எம்-சீல் என்றார் ஒருவர், அரால்டைட் என்றார் இன்னொருவர், விற்றுவிடு என்றார் மூன்றாமவர். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன் சும்மா இருக்க முடியுமா? குழுவில் எழுதினால் நீளும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒட்டலாம். நன்றாகவே ஒட்டலாம். ஃபைபர் ஒட்டாது என்று சொல்பவரை ஒரு நாள் காலையில் மெய்யூர் குப்பத்துக்கோ கொக்கிலமேட்டுக்கோ அழைத்துப் போய்க் காட்டுங்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒட்டுப் போடாத படகைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அலையில் அடிபட்டு, மணலில் மோதி, இழுபட்டு ஏறும் படகு அது. நம் ஜீப் கூரைக்கு அதில் நூறில் ஒரு பங்கு அடிகூட விழுவதில்லை.

நம் கரைக்கு ஃபைபர் வந்த கதையே தனி. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேற்றக்கூடிய ஃபைபர் படகுகளை வடிவமைத்துப் பரிசோதித்தது. ஆனாலும் நான் பார்த்தவரை கட்டுமரம் இங்கே வெகுகாலம் நின்றது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழ் ஆனது. சுனாமியில் மரங்கள் போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகுகள். அவசரத்தில் கட்டியவை சில சீக்கிரமே விரிந்தன. அவற்றைச் சரிசெய்யும் வேலையில்தான் குப்பத்துப் பையன்கள் பலர் ரெசினும் மேட்டும் பழகினார்கள். அந்தக் கைப்பழக்கம் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும்போது, விரிந்த பாகத்தைத் தூக்கிப் போடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஃபைபர் மட்காது. உருக்கி வேறு பொருள் செய்யவும் முடியாது; ஒருமுறை இறுகிய ரெசின் மறுபடி இளகாது. தெர்மோசெட்டிங் என்று ப்ளஸ் டூவில் மனப்பாடம் செய்தீர்களே, அதேதான்.

கார் உடம்புக்கு ஃபைபர் புதிதும் அல்ல. அமெரிக்காவின் கார்வெட் கார் 1953-லேயே ஃபைபர் உடம்போடு வந்தது. நம் பெங்களூரில் சிபானி நிறுவனம் 1982-இல் டால்ஃபின் என்ற சின்னக் காரை ஃபைபர் உடம்பில் கொண்டுவந்தது. வியாபாரம் ஓடவில்லை, அது வேறு கதை. உப்புக்காற்றில் தகரம் அரித்துப் போகும் நம்மூரில் ஃபைபர் துருப்பிடிக்காது என்பதே பெரிய விஷயம்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். விரிசலுக்கு மேலே பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பதை ரிப்பேர் என்று ஏற்காதீர்கள். பட்டியில் நார் கிடையாது. ஃபைபரில் பலம் தருவது கண்ணாடி நார். ரெசின் அதைப் பிடித்துவைக்கும் பசை. நார் அறுந்த இடத்தில் நாரைத்தான் வைக்க வேண்டும், அதுவும் உள்பக்கத்திலிருந்து. விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டால் அது மேலும் ஓடாது. உள்பக்கம் விரிசலைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல அகலத்துக்குப் பெயின்ட், அழுக்கு எல்லாம் போகும்வரை, ஓரம் சரிவாக வரும்படி தேய்க்க வேண்டும். பளபளப்பான பரப்பில் ரெசின் பிடிக்காது. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். பிறகு அசிட்டோனால் துடைத்து, காயவிட்டு, வெளிப்பக்கம் பேக்கிங் டேப் ஒட்டி, உள்ளே ரெசினில் நனைத்த மேட் இரண்டு மூன்று அடுக்கு. பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் கண்ணாடி மாதிரி ஆனால் ஊறிவிட்டது என்று அர்த்தம். பட்டியும் பெயின்டும் அதற்குப் பிறகுதான்.

அதற்கும் முன்னால், ஏன் விரிந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் போல்ட்டை வெறியாக முறுக்கியிருப்பார்கள், அல்லது ரப்பர் வாஷர் போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், அதன் ஓரத்தில் புது விரிசல் வரும். கூரை மாதிரி அகலமான பாகம் ஆடினால், உள்ளே கயிறோ அட்டைக் குழாயோ வைத்து அதன்மேல் மேட் போர்த்தி ஒரு விலா எலும்பு போல ஓட்டிவிடலாம். படகுக்காரர்கள் செய்வதும் இதேதான்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் கார்களின் பம்பரை எல்லாரும் "ஃபைபர் பம்பர்" என்கிறோம். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், வெறும் பிளாஸ்டிக். பின்பக்கம் 'பிபி' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதில் பாலியெஸ்டர் ரெசின் உரிந்து வந்துவிடும். அதற்கு பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரைத் தேடுங்கள். சீட் பெல்ட், சீட் போன்றவை பிடித்திருக்கும் பாகம் விரிந்திருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம்.

நான் உண்மையில் பயந்து எழுதுவது இனி வருவது. கடையில் ரெசினோடு இரண்டு சின்ன பாட்டில் தருவார்கள். ஊதா நிறத்தில் இருப்பது கோபால்ட் ஆக்சிலரேட்டர். தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பது கேட்டலிஸ்ட், அதாவது எம்இகேபி என்ற பெராக்சைடு. இவை இரண்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே கேட்டலிஸ்ட். அதுவும் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம்தான். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் கலவை கொதித்துப் புகையும். மே மாத வெயிலில் கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடலாம், ஆகவே காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். அந்த பாட்டிலைப் பேரப்பிள்ளைகள் நடமாடும் வீட்டில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிறவர்களை என்ன சொல்வது!

ரெசினில் உள்ள ஸ்டைரீன் 31 டிகிரி அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். நம்மூரில் வருஷத்தில் பாதி நாள் அதற்கு மேல்தான். ஆகவே மொட்டை மாடியிலோ வாசலிலோ செய்யுங்கள். மூடிய கார் ஷெட்டில் வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். தேய்க்கும்போது முகக்கவசம், முழுக்கைச் சட்டை. கண்ணாடித் தூள் நெஞ்சுக்குள் போனால் இருமி வெளியேற்றக்கூடிய சமாச்சாரம் இல்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "நமக்கு வேண்டாம் சார், ஆளிடம் கொடுத்துவிடுகிறோம்" என்பவர்களுக்கும் ஒன்று. கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பையன் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே கூலியில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசாதீர்கள். அந்த நூறு ரூபாய்க்கு நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, போட்டுக்கொண்டால்தான் வேலை என்று சொல்லுங்கள். கேட்பார்கள். நீங்கள் என் பேச்சைக் கேட்டதைவிட நன்றாகவே கேட்பார்கள்.

மீந்த ரெசின் கலவையை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். தகர டப்பாவில் மணலின்மேல் திறந்து வைத்து, இறுகி ஆறிய பிறகு குப்பையில் போடுங்கள். படத்தை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உள்பக்கப் படமும் சேர்த்து அனுப்பினால் எத்தனை அடுக்கு வேண்டும் என்று சொல்கிறேன்.